பரவலா, பெருக்கமா? ஒரு வார்த்தையின் இரண்டு கணக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தாராவியில் எங்கள் சந்தில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் கையில் ஒரு காகிதத்துடன் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தோல் பட்டறையில் முப்பது வருஷம் உழைத்தவர்.

"தம்பி, உங்க மதினிக்கு ஆஸ்பத்திரியில சதை எடுத்துப் பாத்தாங்கள்லா, அந்த ரிப்போர்ட் வந்திருக்கு. டாக்டரம்மாவப் பாக்கணும்னா செவ்வாய்க்கிழமை ஆகும். அதுவரைக்கும் மனசு கேக்கல. என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. பத்திரிகைக்குச் செய்தி எழுதி அனுப்புகிற பழக்கத்தால் இங்கிலீஷ் ஓரளவு ஓடும். அந்தக் காகிதத்தில் 'புரோலிஃபரேட்டிவ்' என்று ஒரு வார்த்தை இருந்தது. எனக்குத் தெரிந்த வார்த்தைதான். ஏஜென்சி செய்திகளில் 'நான் புரோலிஃபரேஷன்' என்று அடிக்கடி வரும். 'பரவல் தடை' என்று தமிழில் எழுதுவோம். அந்தத் தைரியத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "பரவல்னு போட்டிருக்கு, அண்ணாச்சி."

பெரியவர் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ பரவிட்டுதா தம்பி?" என்று மட்டும் கேட்டார். செவ்வாய்க்கிழமை வரை அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

செவ்வாயன்று நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். கருப்பையின் உள்சவ்வு மாதாமாதம் புதிதாக வளர்ந்து கொள்ளும் என்றும், அப்படி வளருகிற கட்டத்தில் எடுத்த சதை என்பதைத்தான் அந்த வார்த்தை குறிக்கிறது என்றும், புற்று எதுவும் இல்லை என்றும் இந்தியில் விளக்கினார். நான் மொழிபெயர்த்த விதத்தைக் கேட்டதும் கடிந்துகொண்டார். "பெருகுவது வேறு, பரவுவது வேறு. இரண்டுக்கும் நாங்கள் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறோம். தெரியாமல் மாற்றிச் சொன்னால் குடும்பமே செத்துப் போகும்" என்றார்.

தவறு என்னுடையது. ஆனால் திரும்பி வருகிற ரயிலில் வேறொரு கேள்வி எழுந்தது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் நான் தப்பாக மொழிபெயர்த்த வார்த்தையை, செய்தித்தாளின் முதல் பக்கத்தில் நாம் எல்லோரும் சரியாகத்தான் மொழிபெயர்த்து வருகிறோமா? 'அணு ஆயுதப் பரவல்' என்று எழுதுகிறோமே, அங்கே நடப்பது பரவலா, பெருக்கமா?

உடம்பில் பெருக்கம்

அந்த இங்கிலீஷ் வார்த்தை பிறந்த இடம் உயிரியல். லத்தீன் மொழியில் 'பிள்ளை', 'சுமப்பது' என்ற பொருளுள்ள இரண்டு சொற்கள் சேர்ந்து, பிரெஞ்சு வழியாக 19ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்கு வந்தது. ஒன்று பிள்ளை பெற்று இரண்டாவது, இரண்டு நான்காவது. அதுதான் மூலப் பொருள். தமிழில் 'இனப்பெருக்கம்', 'உயிரணுப் பெருக்கம்' என்கிறோம். பொருத்தமான வார்த்தை.

உடம்புக்குப் பெருக்கம் ஒரு நோய் அல்ல. அது இல்லாவிட்டால்தான் ஆபத்து. நம் எலும்பு மஜ்ஜை விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பு அணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. குடலின் உள்சவ்வு சில நாட்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. பட்டறையில் கையை வெட்டிக்கொண்டவருக்குக் காயம் ஆறுவதும் இந்தப் பெருக்கத்தால்தான்.

ஆனால் இதற்குக் கணக்கும் கட்டுப்பாடும் உண்டு. இரட்டிப்புக் கணக்கு எவ்வளவு பயங்கரமானது என்பதை ஒரு பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். ஒரு உயிரணு பத்து முறை இரட்டித்தால் 1,024. இருபது முறை என்றால் பத்து லட்சத்துக்கு மேல். முப்பது முறை என்றால் நூறு கோடிக்கு மேல். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் ஏறக்குறைய அந்த நூறு கோடி இருக்கும் என்கிறார்கள். முப்பது படி ஏறுகிற வரை வெளியே ஒன்றும் தெரிவதில்லை.

ஆகவே உடம்பு மூன்று விதமான பூட்டுகளை வைத்திருக்கிறது. ஒன்று, வெளியிலிருந்து உத்தரவு வந்தால்தான் ஓர் அணு பிரியத் தொடங்கும். பக்கத்து அணுவை முட்டிவிட்டால் சாதாரண அணு நின்றுகொள்ளும். இரண்டு, பிரிவதற்கு முன்னால் நடுவில் சோதனைச் சாவடிகள் உண்டு. பழுது இருந்தால் வண்டி நகராது. இந்த இயக்கத்தைக் கண்டுபிடித்ததற்காக ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் என்ற மூவருக்கு 2001ல் நோபல் பரிசு கிடைத்தது. மூன்று, சரிசெய்ய முடியாத பழுது என்றால் அணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இந்த வேலைகளில் முக்கியப் பங்கு வகிக்கும் 'பி-53' என்ற புரதம் 1979ல் கண்டறியப்பட்டது. மனிதருக்கு வரும் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இதற்குரிய மரபணு கெட்டுப்போயிருக்கிறது.

புற்று என்பது பூட்டு உடைந்த பெருக்கம். அந்த அணுக்கள் ரத்தத்தின் வழியாக வேறு உறுப்புக்குப் போய்க் குடியேறினால் அது பரவல். டாக்டரம்மா சொன்ன வித்தியாசம் இதுதான். பெருக்கம் இருந்தும் பரவல் இல்லாமல் இருக்கலாம். சாதாரணப் பெருக்கம் நோயே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பெருக்கத்தைக் கவனிக்காமல் பரவலை மட்டும் தேடுகிற டாக்டரை நாம் நல்ல டாக்டர் என்று சொல்ல மாட்டோம்.

அணுவும் உயிரணுவும்

இந்த வார்த்தை எப்படி ஆயுதத்துக்குப் போயிற்று? அணுகுண்டுக்கும் உயிரியலுக்கும் வார்த்தை அளவில் இதற்கு முன்பே ஓர் உறவு உண்டு. 1938 டிசம்பரில் ஜெர்மனியில் ஹான், ஸ்டிராஸ்மன் இருவரும் யுரேனியத்தின் மேல் நியூட்ரானை மோதவிட்டபோது, பேரியம் என்ற வேறொரு மூலகம் கிடைத்தது. யுரேனிய அணுக்கரு இரண்டாக உடைந்திருக்கிறது என்று லிஸே மைட்னரும் அவருடைய சகோதரியின் மகன் ஓட்டோ ஃபிரிஷும் விளக்கம் கண்டார்கள். அதற்கு ஒரு பெயர் வேண்டுமே! கோபன்ஹேகனில் கூட வேலை செய்த அமெரிக்க உயிரியல் விஞ்ஞானி ஒருவரை ஃபிரிஷ் கேட்டார்: ஓர் உயிரணு இரண்டாகப் பிரிவதை உங்கள் சாஸ்திரத்தில் என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள்? 'ஃபிஷன்' என்று பதில் வந்தது. அணுப் பிளவுக்கு 1939ல் அந்தப் பெயரே நிலைத்தது.

பெயர் மட்டுமல்ல, கணக்கும் ஒன்றேதான். ஓர் அணுக்கரு உடைந்தால் இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளிவரும். அவை வேறு கருக்களை உடைக்கும். இப்படிச் சுமார் எண்பது படி ஏறினால் ஒரு கிலோ யுரேனியம் தீர்ந்துவிடும். உடம்பில் பல வருஷம் பிடிக்கிற இரட்டிப்பு, குண்டுக்குள் ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிகிறது. 1945 ஆகஸ்டு 6ஆம் தேதி ஹிரோஷிமாவில் நடந்தது இதுதான்.

அதற்குப் பிறகு குண்டு வைத்திருக்கும் நாடுகளும் பெருகின. சோவியத் யூனியன் 1949லும், பிரிட்டன் 1952லும், பிரான்ஸ் 1960லும், சீனா 1964லும் வெடித்துச் சோதித்தன. 1963 மார்ச்சில் ஜனாதிபதி கென்னடி, 1970களில் 15 முதல் 25 நாடுகள் வரை அணு ஆயுதம் வைத்திருக்கும் நிலை வரக்கூடும் என்று அச்சம் தெரிவித்தார்.

அப்போது ஐ.நா. சபையில் வழங்கிய வார்த்தை எது என்பதைக் கவனிக்க வேண்டும். அயர்லாந்தின் முயற்சியால் 1961ல் நிறைவேறிய தீர்மானத்தின் தலைப்பில் இருந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு, விதையைத் தூவுவது போல் பரப்புவது என்று பொருள். அதாவது, அசல் 'பரவல்'. 1965ல் நிறைவேறிய தீர்மானத்திலோ 'புரோலிஃபரேஷன்', அதாவது 'பெருக்கம்', தலைப்புக்கு வந்துவிட்டது. வைத்திருக்கும் நாடுகளும் இல்லாத நாடுகளும் எந்த வடிவிலும் பெருக்குவதற்கு இடம் தரும் ஓட்டைகள் ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது, இரு தரப்புக்கும் சமமான பொறுப்பு வேண்டும் என்று அந்தத் தீர்மானம் கேட்டது.

இந்த வாதத்தை முன்னின்று நடத்தியவர்களில் இந்தியாவும் ஒன்று. ஜினீவாவில் பதினெட்டு நாடுகளின் ஆயுதக் குறைப்புக் குழுவில் நமது பிரதிநிதியாக இருந்த வி. சி. திரிவேதி, பரப்புவது வேறு, பெருக்குவது வேறு என்று பிரித்துக் காட்டி வாதாடினார். டாக்டரம்மா எனக்குச் சொன்ன அதே வித்தியாசம்!

ஒப்பந்தம் எதைத் தடுக்கிறது?

ஒப்பந்தம் 1968 ஜூலை 1ஆம் தேதி கையெழுத்துக்கு வந்தது; 1970 மார்ச் 5ஆம் தேதி அமலாயிற்று. தலைப்பில் பெருக்கம் என்ற வார்த்தை இருந்தது. உள்ளே என்ன இருந்தது?

1967 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னால் குண்டு செய்து வெடித்த நாடுகள் அணு ஆயுத நாடுகள். அமெரிக்கா, ருஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்தும் இதில் வரும். முதல் ஷரத்துப்படி இவை பிறருக்கு ஆயுதம் கொடுக்கக் கூடாது. இரண்டாவது ஷரத்துப்படி மற்றவர்கள் வாங்கவோ செய்யவோ கூடாது. மூன்றாவது ஷரத்துப்படி மற்றவர்களின் அணு உலைகளைச் சர்வதேச அணுசக்தி முகமை சோதனை செய்யும். ஆறாவது ஷரத்துப்படி ஆயுதப் போட்டியை நிறுத்தவும் ஆயுதத்தைக் குறைக்கவும் எல்லோரும் நல்லெண்ணத்துடன் பேச்சு நடத்த வேண்டும். எந்தத் தேதிக்குள் என்று அதில் இல்லை.

நமக்குப் பழக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு காலனியில் ஐந்து பேருக்குப் பெரிய வீடு. மற்றவர்களுக்குக் காலி மனை. சங்கம் கூடித் தீர்மானம் போடுகிறது: காலி மனையில் யாரும் புதிதாகச் சுவர் எழுப்பக் கூடாது. வாரா வாரம் வந்து அளந்து பார்ப்போம். வீடு கட்டியாயிற்று என்பவர்கள் மட்டும், மேலே மாடி எழுப்புவதைப் பற்றிப் பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். காலனியில் புது வீடு வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஐந்து வீடும் ஏழு மாடியாகிவிட்டால், கட்டடம் பெருகவில்லை என்று யாராவது சொல்வார்களா?

சர்வதேச விவகாரம் எழுதுகிறவர்கள் இந்த இரண்டுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். புது நாடுகளுக்குப் போவது பக்கவாட்டுப் பெருக்கம். இருக்கிற நாடுகளிடம் குவிவது செங்குத்துப் பெருக்கம். தமிழில் நாம் 'பரவல்' என்று எழுதும்போது முதலாவதுதான் வாசகர் மனத்தில் பதிகிறது. இரண்டாவது கண்ணிலேயே படுவதில்லை.

எண்கள் என்ன சொல்கின்றன?

ஒப்பந்தம் அமலான 1970ல் உலகில் சுமார் 38,000 அணுகுண்டுகள் இருந்தன. 1986ல் அது சுமார் 70,000 ஆயிற்று. இந்தப் பதினாறு வருஷங்களில் வெளிப்படையாகச் சோதனை நடத்திய புது நாடு ஒன்றே ஒன்று. அது 1974ல் இந்தியா. ஆகவே பரவல் என்ற கணக்கில் பார்த்தால் ஒரு நாடு. பெருக்கம் என்ற கணக்கில் பார்த்தால் முப்பதாயிரத்துக்கு மேல். உலகச் செய்தித்தாள்கள் எந்தக் கணக்கைப் பெரிதாகப் போட்டன என்பது தெரிந்ததே.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1986க்குப் பிறகு எண்ணிக்கை வேகமாக இறங்கியது. ரேகனும் கோர்பசேவும் 1987ல் செய்த ஒப்பந்தம், 1991 ஒப்பந்தம், 2010ல் ஒபாமாவும் மெத்வதேவும் பிராக் நகரில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆகியவை இதற்குக் காரணம். ஸ்வீடனில் உள்ள ஸ்டாக்ஹோம் அமைதி ஆராய்ச்சி நிறுவனத்தின் கணிப்புப்படி 2025 ஜனவரியில் உலகிலிருந்த குண்டுகள் 12,241. எழுபதாயிரத்தோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்குக்கும் சற்றே அதிகம். பெருக்கத்துக்குப் பூட்டுப் போட முடியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

ஆனால் அந்தப் பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று வருகின்றன. 1987 ஒப்பந்தம் 2019ல் முடிவுக்கு வந்தது. இரு நாடுகளும் ஆளுக்கு 1,550 குண்டுகளுக்கு மேல் ஏவுவதற்குத் தயாராக நிறுத்தக் கூடாது என்ற 2010 ஒப்பந்தத்தில், தான் பங்கு கொள்வதை ருஷ்யா 2023ல் நிறுத்தி வைத்தது. 2026 பிப்ரவரி 5ஆம் தேதி அதன் ஆயுளும் முடிந்தது. அந்தத் தேதிக்குள் அதற்குப் பதிலாகப் புதிய ஒப்பந்தம் ஏற்படவில்லை. சீனாவிடம் 2024 ஜனவரியில் சுமார் 500 என்று கணித்த அதே நிறுவனம், 2025 ஜனவரியில் சுமார் 600 என்று கணித்தது. ஒரே வருஷத்தில் நூறு. சீனா ஒப்பந்தத்தில் சட்டப்படி அங்கம் வகிக்கும் நாடு. 'பரவல்' என்ற வார்த்தைப்படி அங்கே ஒன்றுமே நடக்கவில்லை!

நம் வீட்டுக் கணக்கு

ஊரார் கணக்கைப் பார்த்தால் போதாது. நம் வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

அணு ஆயுதப் பெருக்கத்தை எதிர்த்து இந்தியா பேசியது சாதாரணப் பேச்சல்ல. சோதனைகளை உடனே நிறுத்துங்கள் என்று 1954 ஏப்ரலில் பிரதமர் நேரு கேட்டார். 1962 செப்டம்பரில், 83 வயதில், ராஜாஜி காந்தி சமாதான நிதியின் சார்பில் அமெரிக்காவுக்குப் போய்க் கென்னடியைச் சந்தித்து, சோதனையைக் கைவிடும்படி வாதாடினார். நேருவின் காங்கிரசைக் கடுமையாக எதிர்த்து வந்த ராஜாஜியும், இந்த ஒரு விஷயத்தில் நேருவும் ஒரே பக்கம் நின்றார்கள். 1963 ஆகஸ்டில், தரைக்கு மேல் சோதனை செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் மாஸ்கோவில் உருவானதும் இந்தியா தாமதமில்லாமல் கையெழுத்திட்டது. 1988 ஜூனில் ராஜீவ் காந்தி, 2010க்குள் உலகில் அணு ஆயுதமே இல்லாமல் செய்வதற்கான திட்டத்தை ஐ.நா. சபையில் வைத்தார்.

பரவல் தடை ஒப்பந்தத்தில் மட்டும் இந்தியா கையெழுத்திடவில்லை. காரணம், நான் மேலே சொன்ன காலனி நியாயம்தான். அந்த வாதத்தில் சத்தியம் உண்டு, இன்றைக்கும் உண்டு.

ஆனால் வாதம் பேசிய கையே வேறு வேலையும் செய்தது. இதே மும்பையில், நம்மவர் பலர் குடியிருக்கும் செம்பூர், மான்கூர்டுக்கு அருகே, டிராம்பேயில் 1960ல் ஓர் அணு உலை இயங்கத் தொடங்கியது. உலை கனடா கொடுத்தது. கனநீர் அமெரிக்கா கொடுத்தது. சமாதான காரியத்துக்கு என்று வந்த அந்த உலையில் கிடைத்த புளூட்டோனியம்தான் 1974 மே 18ஆம் தேதி பொக்ரானில் வெடித்தது. அதைச் சமாதானச் சோதனை என்று சொன்னோம். கனடா உதவியை நிறுத்தியது. அணுப் பொருள் விற்கும் நாடுகள் கூட்டமைப்பு ஏற்படுத்திக் கதவை மூடின. 1998 மே 11, 13 தேதிகளில் மறுபடியும் வெடித்தோம். அப்போது அணுசக்திக் கமிஷன் தலைவராக இருந்த ராஜகோபால சிதம்பரம் சென்னையில் பிறந்தவர். ராணுவ ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த அப்துல் கலாம் ராமேஸ்வரத்துக்காரர். நம்மில் பலர் அன்று பெருமைப்பட்டோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதே மாதம் 28, 30 தேதிகளில் பாகிஸ்தானும் வெடித்தது.

இனி எண்ணிக்கை. 2015 ஜனவரியில் இந்தியாவிடம் 90 முதல் 110 வரை என்று அதே ஸ்டாக்ஹோம் நிறுவனம் கணித்தது. 2025 ஜனவரியில் சுமார் 180. பாகிஸ்தானிடம் சுமார் 170. இது பரவல் அல்ல. இரு நாடுகளிடமும் ஏற்கெனவே உண்டு. இதற்குப் பெயர் பெருக்கம். 1965ல் ஜினீவாவில் வல்லரசுகளைப் பார்த்து நாம் எந்த வார்த்தையைச் சொல்லிக் கேள்வி கேட்டோமோ, அந்த வார்த்தைக்குள் நாமும் வந்து நிற்கிறோம். முதலில் பிரயோகிக்க மாட்டோம் என்ற நமது கொள்கை நல்ல கொள்கை. ஆனால் அது பெருக்கத்துக்குப் போட்ட பூட்டு ஆகாது.

2025 மே மாதம் இரு நாடுகளும் நான்கு நாட்கள் மோதிக்கொண்டபோது, ஊரில் இருக்கிறவர்கள் மும்பையில் இருக்கும் நமக்குப் போன் செய்து பத்திரமா என்று விசாரித்தார்கள். அந்த விசாரிப்புக்குப் பின்னால் இருந்தது இந்த எண்கள்தான்.

பரவலும் பொய் அல்ல

இப்படியெல்லாம் சொல்வதால் பரவலைப் பற்றிய கவலை வெறும் வல்லரசுத் தந்திரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கென்னடி பயந்தது 15 முதல் 25 நாடுகள். இன்று குண்டு வைத்திருப்பவை ஒன்பது நாடுகள். சுமார் 190 நாடுகள் ஏற்ற ஒப்பந்தத்துக்கு இதில் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. தென்னாப்பிரிக்கா ரகசியமாகச் செய்து வைத்திருந்த ஆறு குண்டுகளைத் தானே கழற்றிப்போட்டு, 1991ல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1993ல் ஜனாதிபதி டி கிளர்க் அதை உலகுக்கு அறிவித்தார்.

இன்னொன்று. குண்டு பெருகும், ஆனால் குண்டு செய்யும் வித்தை பரவும். ஹாலந்தில் வேலை பார்த்த ஏ. க்யூ. கான், யுரேனியத்தைச் செறிவூட்டும் இயந்திரத்தின் வரைபடங்களைப் பாகிஸ்தானுக்குக் கொண்டுவந்தார். பிறகு அவரது வலை வழியாக ஈரான், லிபியா, வட கொரியா ஆகிய நாடுகளுக்கு அந்த வித்தை போயிற்று. 2004 பிப்ரவரியில் டெலிவிஷனில் தோன்றி அவரே ஒப்புக்கொண்டார். இதற்குப் 'பரவல்' என்ற வார்த்தை அச்சாகப் பொருந்தும்.

ஈரானை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒப்பந்தத்தில் ஆரம்பம் முதல் அங்கத்தினர். யுரேனியத்தை 60 சதவீதம் வரை செறிவூட்டியது. குண்டுக்குத் தேவை சுமார் 90 சதவீதம். ஈரான் தன் பொறுப்புகளை நிறைவேற்றவில்லை என்று 2025 ஜூன் 12ஆம் தேதி சர்வதேச அணுசக்தி முகமையின் நிர்வாகக் குழு தீர்மானித்தது. மறுநாள் இஸ்ரேல் தாக்கியது. 22ஆம் தேதி அமெரிக்கா மூன்று அணு நிலையங்கள் மேல் குண்டு போட்டது. ஈரானைப் பற்றிய சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் தாக்கிய இருவரில் ஒருவர் ஒப்பந்தத்தில் சேராமலே சுமார் 90 குண்டுகள் வைத்திருப்பதாகக் கணிக்கப்படுபவர். மற்றவரிடம் ஐயாயிரத்துக்கு மேல். பரவலைத் தடுக்க யுத்தம். பெருக்கத்தைத் தடுக்கப் 'பிறகு பேசலாம்'. ஒரே நோய்க்கு இரண்டு வைத்தியம் என்றால் நோயாளிக்கு நம்பிக்கை எப்படி வரும்? ஒப்பந்தத்தைப் பரிசீலிக்கக் கூடிய 2015, 2022 மாநாடுகள் இரண்டும் ஒருமித்த முடிவு இல்லாமல் கலைந்தன.

ஒப்புமையின் எல்லை

உயிரணுவையும் அணுகுண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினேன். இந்த ஒப்புமையை அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. உயிரணு தானாகப் பிரியும். யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. குண்டு தானாகக் குட்டி போடுவதில்லை. சுரங்கம் வேண்டும், உலை வேண்டும், பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும், ஒருவர் உத்தரவில் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் ஒரு ஃபைல் உண்டு என்பது குமாஸ்தாக்களாகிய நமக்குப் புரியும். வியாதி வருவதைப் போல 'அணு ஆயுதம் பெருகிவிட்டது' என்று எழுதும்போது அந்த ஃபைலும் கையெழுத்தும் மறைந்துவிடுகின்றன. பெருகவில்லை, பெருக்குகிறார்கள். பரவவில்லை, பரப்புகிறார்கள். ஒருவர் போட்ட கையெழுத்தை இன்னொரு கையெழுத்தால் மாற்ற முடியும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சாட்சி.

ஆகவே 'பரவல் தடை' என்று ஒப்பந்தத்தின் பெயரை நாம் எழுதி வந்ததில் ஒருவிதத்தில் தவறில்லை. ஒப்பந்தத்தில் உள்ளபடியே காலக்கெடுவோடு தடுக்கப்பட்டது பரவல் மட்டும்தான். ஆனால் ஒப்பந்தத்தின் பெயரிலேயே வல்லரசுகள் கொடுத்த வாக்கு அதைவிடப் பெரியது. அது பெருக்கத்தை நிறுத்துகிறோம் என்ற வாக்கு. தமிழில் அந்த வாக்கு பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது. இனி செய்தியில் 'அணு ஆயுதப் பரவல்' என்று படிக்கும் வாசகர்கள் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்: புதிதாக யார் கையில் போயிற்று? ஏற்கெனவே இருக்கும் கைகளில் எத்தனை கூடிற்று? டில்லியின் கையும் அதில் சேர்த்தி.

பெரியவர் வீட்டில் இப்போது எல்லாம் சுகம். மதினி முன்போல் காலையில் இட்லிக் கடையைத் திறந்துவிடுகிறார். பெரியவர் மட்டும் என்னைக் காணும்போதெல்லாம், "தம்பி, பேப்பர்ல எழுதும்போதாவது வார்த்தையப் பாத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் சொல்வது எனக்கு மட்டுமல்ல என்று தோன்றியதால் இதை எழுதினேன்.